இடித்த மைதானத்துக்கு ஒரு வரிசை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நடந்தது இது. மொன்றியலின் பெரிய பேஸ்போல் அணி ஊரை விட்டுப் போகப்போகிறதாம் என்று பஸ்ஸிலும் கடையிலும் எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த காலம். நாங்கள் அப்போது கார்ட்டியர்வில்லில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. வாகனத் தரிப்பிடத்தின் மூலைகளில் கறுத்துப்போன பனி இன்னும் குவிந்து கிடந்தது.

எனக்குப் பேஸ்போல் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களுக்குக் கிரிக்கெட் தெரியும். பந்தை அடித்த கையோடு மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிற இந்த விளையாட்டில் தலை எது வால் எது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு பேஸ்போல் மைதானத்தைத் தேடி இந்த நகரத்தில் அலைந்தேன் என்றால், அதற்குக் காரணம் என்னுடைய வாய். பேசியதால் அல்ல, பேசாததால்.

எங்கள் வாசலுக்கு நேர் எதிர் வாசலில் ஒரு பிரெஞ்சுப் பெரியவரும் அவருடைய மகளும் இருந்தார்கள். மகளுக்கு என் வயது இருக்கும். ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை, அதுவும் பெரும்பாலும் பின்னேர வேலை. பெரியவரின் மனைவி காலமாகி நெடுங்காலம். நல்ல மனிதர். என்னைக் கண்டால் தொப்பியைத் தூக்கி "பொன்ஜூர் மதாம்" என்று சொல்லாமல் போகமாட்டார். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு நினைவு கலங்கத் தொடங்கியிருந்தது. எல்லா நேரமும் இல்லை. முன்னேரம் நல்ல தெளிவாகக் கதைப்பார், பின்னேரம் வேறொரு வருசத்தில் இருப்பார்.

மகள் ஒருநாள் என் கதவைத் தட்டி ஒரு உதவி கேட்டாள். அவர்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கதைத்ததை எல்லாம் நான் என் தமிழிலேயே சொல்கிறேன். அப்பாவைப் பூட்டி வைக்க மனம் வரவில்லை, நடக்கிற மனிதர், நடக்கட்டும் என்றாள். "வெளிக்கிட்டால் எங்க போறியள் எண்டு மட்டும் கேளுங்கோ. ஒழுங்கான இடமாச் சொன்னால் போகட்டும். விளங்காத இடமாச் சொன்னால் உள்ளுக்குக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி குடுத்துவிட்டு எனக்குப் போன் அடியுங்கோ." நானும் தலையை ஆட்டினேன். ஒரு கேள்வி கேட்பது என்ன பெரிய வேலை?

அன்றைக்கு மத்தியானம் கறி அடுப்பில் இருக்க, நான் குப்பைப் பையைக் கொண்டுபோய்ப் போட வெளியே வந்தேன். எதிர்க் கதவு திறந்தது. பெரியவர் சாம்பல் நிறக் கோட்டும் சூட்டும் கழுத்துப் பட்டியுமாக வந்தார். சப்பாத்து பளபளத்தது. கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு களை.

கேட்டிருக்க வேண்டும். கேள்வி வாய்க்குள் வந்துவிட்டது. ஆனால் நாக்கு எழும்பவில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் வெளிக்கிடும்போது "எங்க போறாய்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. இதைப் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் வேதக்காரர்தான், கத்தோலிக்கர், சகுனம் பார்ப்பது பாவம் என்று சுவாமி பூசையில் சொல்லுவார், நாங்களும் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வருவோம். ஆனால் எனக்கு அது வெறும் சகுனம் இல்லை. சண்டைக் காலத்தில் என் அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் திறந்தபோது, "எங்க அண்ணை போறியள்?" என்று கேட்டவள் நான். அவர் எரிச்சலோடு திரும்பி வந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பதில் சொல்லாமலே போனார். போனவர் போனவர்தான். நாங்கள் தேடாத இடமில்லை, எங்கே தேடுவது என்றும் தெரியாது. நீ கேட்டதால்தான் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அவ சொல்லாமல் விட்டதை நான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே பெரியவரிடம் நான் எங்கள் ஊரில் கேட்கிற மற்றக் கேள்வியைத்தான் கேட்டேன். வெளிக்கிடுகிறவரிடம் கேட்கலாம் என்று விட்டு வைத்திருக்கிற ஒரே கேள்வி அதுதான்.

"தூரமோ, மிஸ்யூ?"

அவர் சிரித்தார். "இல்லை, கிட்டத்தான். வீட்டிலயிருந்தே சத்தம் கேக்குமே. பேஸ்போல்," என்றார். தொப்பியைத் தூக்கினார், படியால் இறங்கினார்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பூங்கா இருக்கிறது, பிள்ளைகள் அங்கே பேஸ்போல் விளையாடுவார்கள். சத்தம் வீட்டுக்குக் கேட்கும். சரி, அங்கேதான் போகிறார், ஒழுங்கான இடம்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். கறி அடிப்பிடித்த மணம் வேறு. பிறகுதான் பொறி தட்டியது. பனி உருகிச் சேறாகக் கிடக்கிற பூங்காவில் இப்போது எந்தப் பிள்ளை விளையாடுகிறது?

பூங்காவில் ஒரு குருவியும் இல்லை. மூலைக் கடைக்கு ஓடினேன், இங்கே டெப்பனர் என்பார்களே, அது. கடைக்காரர் பெரியவரைக் கண்டிருக்கிறார். உப்புப் போட்ட வேர்க்கடலை இரண்டு பைக்கற் வாங்கினாராம், ஒன்றை வலப்பக்கப் பொக்கற்றிலும் மற்றதை இடப்பக்கப் பொக்கற்றிலும் போட்டாராம், பஸ் ஏறிப் போய்விட்டாராம். கிட்டத்தான் என்ற மனிதர் பஸ் ஏறுகிறார். தனியாகப் போகிற மனிதர் இரண்டு பைக்கற் வாங்குகிறார். என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கே போகிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லை," என்றேன். "தூரமோ எண்டு கேட்டனான்."

அந்தப் பக்கத்தில் அவளுடைய முகத்தை நான் பார்க்கவில்லை. நல்ல வேளை. பேஸ்போல் என்றால் ஒலிம்பிக் மைதானம்தான், வேறு எங்கே, நான் பொலிசுக்குச் சொல்லிவிட்டு ஒரு டாக்ஸி பிடித்து அங்கே வருகிறேன் என்று வைத்துவிட்டாள்.

என் கணவர் அன்றைக்கு சென்ட் லோரன்டில் தொழிற்சாலையில் மேலதிக வேலை முடித்து அப்போதுதான் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். திரும்பச் சப்பாத்தைப் போட்டார். போட்டுக்கொண்டே, "உனக்கு வேண்டாத நேரத்தில வாய் இருக்கும், வேண்டிய நேரத்தில இராது," என்றார். அவர் அப்படித்தான், புறுபுறுத்துக்கொண்டே எல்லாம் செய்வார். காரில் ஏறியதும் நான் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். அண்ணைக்காக நேர்ந்த மெழுகுதிரிகள் ஞாபகம் வந்தன, ஆனாலும் நேர்ந்தேன்.

வழி நெடுக மழை தூறத் தொடங்கியது. மழை என்றால் முழு மழையும் இல்லை, பாதி பனி. கோட்டின் மேல் மழைச்சட்டை போடாத ஒரு மனிதரின் முதுகு என் கண்ணுக்குள்ளேயே நின்றது. இருட்டினால் குளிர் இன்னும் இறங்கும். எங்கேயாவது ஒரு பூங்காவில் இருந்து விறைத்துப்போனால் மகளின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனால் அங்கே ஈ காக்கை இல்லை. அவ்வளவு பெரிய கட்டடம் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. ஒரு காவலாளி வந்து, இன்றைக்கு இங்கே ஆட்டம் இல்லையே, அணி வெளியூரில் விளையாடுகிறது என்றார். பெரியவர் ஒருவரும் வரவில்லை. கணவர் என்னைப் பார்த்தார். ஆட்டமே இல்லாத நாளில் ஆட்டம் பார்க்க ஒரு மனிதர் வெளிக்கிடுகிறார் என்றால் அவரை நாங்கள் எந்தத் திசையில் தேடுவது? கட்டடத்தைச் சுற்றி நடந்தோம். கதவு கதவாகப் பார்த்தோம். எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருந்ததில் கார் விட்ட இடமும் எங்களுக்குத் தவறிப்போனது.

அதற்குள் மகள் வந்து இறங்கினாள். வேலைச் சட்டையோடேயே வந்திருந்தாள். என்னை ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசினால் ஆறுதலாகவும் இருந்திருக்கும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா என்ன சொன்னார், அப்படியே ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ என்றாள்.

சொன்னேன். கிட்டத்தான். வீட்டிலயிருந்தே சத்தம் கேக்கும். பேஸ்போல்.

அவளுடைய கை என் கைக்குள் அப்படியே நின்றுவிட்டது. "எந்த வீடு?" என்றாள், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. பிறகு எங்களைக் காருக்கு இழுத்தாள். காரைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் போனது.

மெற்றோவில் என்றால் அவள் போகச் சொன்ன இடம் அங்கிருந்து சில தரிப்பிடங்கள்தான் மேற்கே. போகிற வழியில் பின் இருக்கையிலிருந்து அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒலிம்பிக் மைதானம் கட்டுவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன் நகர நடுவுக்குக் கிழக்கே, தொழிலாளர் வீடுகள் நெருக்கிக் கிடந்த ஒரு பகுதியில், வேறொரு பேஸ்போல் மைதானம் இருந்ததாம். வீடுகளுக்கு நடுவே கொண்டுபோய் அடைத்துக் கட்டியதால் ஒரு பக்க எல்லை மிகக் கிட்டவாம், பலமாக அடித்தால் பந்து தெருவில் போய் விழுமாம். அதற்கு இரண்டு தெரு தள்ளித்தான் பெரியவர் பிறந்த வீடு. ஜன்னலைத் திறந்தால் சனத்தின் கூச்சல் கேட்கும், அதை வைத்தே யார் வெல்கிறார்கள் என்று அவருடைய தகப்பன் சொல்லிவிடுவாராம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு ஒரு கறுப்பு விளையாட்டுக்காரர் இங்கே வந்து ஆடியிருக்கிறார். அமெரிக்காவின் பெரிய அணிகளில் கறுப்பர்களைச் சேர்க்காத காலம் அது. இந்தச் சனம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதாம், ஆட்டம் முடிந்து போகிறவரை விடாமல் தெருவில் துரத்திக்கொண்டு ஓடியதாம், அடிக்க இல்லை, அன்பில். ஓடியவர்களில் அப்பாவும் ஒருவர் என்றாள். பிறகு அணி போய்விட்டது, மைதானத்தை இடித்தார்கள், அந்த இடத்தில் பள்ளிக்கூடம் வந்தது. இடித்தபோது தான் சின்னப் பிள்ளை என்றாள்.

"அப்ப அங்க இப்ப ஒண்டும் இல்லையே?" என்று கணவர் கேட்டார்.

"ஒண்டும் இல்லை," என்றாள்.

இடித்துவிட்ட ஒன்றைத் தேடிக் காரில் போகிற எங்கள் மூவரையும் நினைக்க எனக்கே விசராக இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் மண்டைக்குள் குடைந்தது. எங்கே போகிறீர்கள் என்று நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால், பேஸ்போல் என்ற ஒரு சொல்லோடு அவர் போயிருப்பார். தூரமோ என்று கேட்டதால்தான் கிட்ட என்றார், வீடு என்றார். கேட்காமல் விட்டதால் தொலைந்தாரா, வேறு விதமாகக் கேட்டதால் கிடைக்கப்போகிறாரா? நினைக்க நினைக்கக் குழம்பியது. முதலில் ஆள் கிடைக்கட்டும் என்று யோசனையை விட்டேன்.

சனிக்கிழமை என்பதால் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. தெருவில் சனம் இல்லை. கார் மெதுவாக வளைந்தபோது கணவர்தான் முதலில் கண்டார். "அங்க பார்," என்றார்.

பள்ளிக்கூடத்தின் செங்கல் மதிலுக்கு முன்னால் பெரியவர் நிமிர்ந்து நின்றார். தொப்பியின் விளிம்பால் தண்ணீர் சொட்டியது. முகம் மதிலைப் பார்த்தபடி. அவருக்குப் பின்னால், ஒரு அடி இடைவெளி விட்டு, கழுத்து வரை பச்சை குத்திய ஒரு தடித்த மனிதர் பெரியவரின் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காலடியில் ஒரு நாய். குடைக்காரரின் தோள் முழுவதும் நனைந்திருந்தது.

மகள் ஓடினாள். ஓடியவள் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டாள். குடைக்காரர் மெல்லிய குரலில் எங்களுக்கு விளக்கம் சொன்னார். நாயை நடத்திக்கொண்டு வந்தாராம். பெரியவர் நனைந்துகொண்டு நிற்பதைக் கண்டு எதிரேயுள்ள கடைக்குள் வந்து இருங்கள் என்று எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாராம். வரமாட்டேன் என்றாராம். "டிக்கெட் வரிசையாம். விட்டுட்டு வந்தால் இடம் போயிடும் எண்டார். நீயும் வாங்கிறதெண்டால் பின்னால நில் எண்டார். அதுதான் நிண்டனான்," என்றார் அந்த மனிதர். பொலிசுக்கு அவரும் சொல்லியிருந்தார், அவர்கள் வரும்வரை நிற்கலாம் என்று இருந்தாராம். இப்படிச் சொல்லிவிட்டுக் குடையைக் கை மாற்றிக்கொண்டார்.

மகள் குடைக்காரருக்குப் பின்னால் போய் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். நாய்க்குப் பயம், அதனால் கொஞ்சம் விலத்தி. கணவர் காரைப் பூட்டிவிட்டு வந்து எனக்குப் பின்னால் நின்று, என்ன வரிசை இது என்று காதுக்குள் கேட்டார். தெரியாது, நில்லுங்கோ என்றேன். மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் நின்று பழகிய ஆட்கள் நாங்கள், வரிசை கண்டால் கால் தானாக நிற்கும்.

பெரியவர் திரும்பி எங்களைப் பார்த்தார். வரிசை நீண்டதில் அவருக்குத் திருப்தி. மகளை அவருக்கு அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "அவ எப்பவும் பிந்தித்தான் வருவா. நான் ரெண்டு டிக்கெட் எடுத்து வைப்பன்," என்று பொதுவாகச் சொன்னார். இடது பொக்கற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் இரண்டாவது பைக்கற் காலமான மனைவிக்கு என்று எனக்கு விளங்கியது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. வீட்டுக்கு வாருங்கள் என்றால் வரமாட்டார், இழுத்தால் பயப்படுவார். ஆட்டம் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார், மைதானமே இல்லை என்று எந்த வாயால் சொல்வது? இதற்கு எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. எங்கள் ஊர் வரிசைகளில் நெடுநேரம் நின்றவர்களைக் கலைத்து அனுப்புகிற வசனம் ஒன்றுதான். அதைக் கேட்டால் ஒருவரும் சண்டைக்குப் போவதில்லை, தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

நான் வரிசையை விட்டு முன்னுக்குப் போனேன். மதிலின் முன் நின்று, ஆரோ ஒருவரிடம் கேட்பது போலக் குனிந்து கேட்டேன். தலையை ஆட்டினேன். திரும்பி வந்தேன்.

"முடிஞ்சுதாம், மிஸ்யூ. கடைசி டிக்கெட்டும் குடுத்தாச்சாம்."

பெரியவர் மதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவர் ஒரு பெருமூச்சு விட்டு, "அப்ப வீட்டிலயிருந்து கேப்பம்," என்றார். குடைக்காரரின் தோளில் தட்டி, உனக்கும் இல்லை, கவலைப்படாதே என்று ஆறுதல் சொன்னார். அந்தத் தடித்த மனிதர் மழையைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்தார். அவருடைய பெயரைக் கூட நாங்கள் கேட்கவில்லை. மெர்சி, மெர்சி என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறிவிட்டோம்.

காரில் சூட்டைக் கூட்டி, கணவரின் ஜக்கெற்றால் பெரியவரைப் போர்த்தினோம். அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னார். மழை உள்ளே அடித்தது, மகள் இறக்கிவிட்டாள். கிட்டவுள்ள பெரிய பாலத்தில் வாகனங்கள் போகிற இரைச்சல் வந்தது. "கேக்குதே?" என்றார் பெரியவர். முன்னால் இருந்து என் கணவர், பேஸ்போலில் தனக்குத் தெரிந்த ஒரே சொல்லை எடுத்து விட்டார். "ஓம் மிஸ்யூ. ஹோம் ரன்."

பெரியவர் கை தட்டினார். இடது பொக்கற்றிலிருந்த பைக்கற்றை எடுத்து உடைத்து மகளின் மடியில் வைத்தார்.

பிறகு ஒரு நாள் மகள் என்னிடம் கேட்டாள், ஏன் அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை என்று. வழக்கத்தைச் சொன்னேன். அண்ணையையும் சொன்னேன். இந்த நாட்டில் அதை நான் சொன்ன முதல் ஆள் அவள்தான். எங்கே போனார் என்று உங்களுக்குத் தெரியவே இல்லையா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் எழுந்து போய்க் கேத்திலில் தண்ணீர் வைத்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் பெரியவரை ஆற்றுக்கு அங்கால் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். வெளிக்கிட்ட அன்று மகள் பெட்டிகளோடு முன்னால் இறங்கிவிட்டாள். அவர் அதே சாம்பல் கோட்டோடு கதவை விட்டு வந்தார். நான் என் வாசலில் நின்றேன். இந்த முறை நாக்கு எழும்பியது.

"எங்க போறியள், மிஸ்யூ?"

அவர் படியில் நின்றார். தொப்பியைத் தூக்கினார். "தூரம், மதாம்," என்றார்.

அதன்பிறகு அவர் அந்தக் கட்டடத்துக்குத் திரும்பி வரவில்லை. கேட்டு அனுப்பிய அண்ணை வரவில்லை, கேளாமல் விட்ட பெரியவர் வந்தார், கேட்டு அனுப்பிய பெரியவர் வரவில்லை. அப்படிப் பார்த்தால் சகுனம்தான் வெல்லுகிறது, கணவரும் அதையே சொல்லி என்னைச் சீண்டுவார். எனக்கு இன்றைக்கும் இதில் ஒரு தெளிவு வரவில்லை. ஆனாலும் என் பிள்ளைகள் சப்பாத்தைப் போடும்போது, அவர்கள் எவ்வளவு சினந்தாலும், நான் எங்கே என்று கேட்டுப் பதில் வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமல் இன்னொரு தரம் நிற்க எனக்கு ஏலாது.